இதயத் துடிப்பும் இரு நரம்புகளும்

மாணவ நண்பர்களே, இடக்கை மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக வலக்கையின் இரு விரல்களை மெல்ல வைத்துப் பாருங்கள். நாடி தட்டுப்படும். இப்போது மூச்சை ஆழமாக உள்ளே இழுத்து, மெதுவாக வெளியே விடுங்கள். மூச்சு உள்ளே செல்லும்போது துடிப்பு சற்று விரைவதையும், வெளியேறும்போது தளர்வதையும் உணர்வீர்கள். இளமையில் இவ்வேறுபாடு நன்கு தெரியும். என் போன்ற முதியோர்க்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. இது நோயன்று. இதயத்தை ஆளும் நரம்புகள் விழிப்போடு இருக்கின்றன என்பதற்கு இது சான்று.

ஆளும் என்ற சொல்லைச் சற்று எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும். துடிப்பதற்கு இதயம் எந்த நரம்பின் ஆணையையும் எதிர்பார்ப்பதில்லை. உடலினின்று எடுத்த தவளையின் இதயத்தைத் தக்க உப்பு நீரில் இட்டு வைத்தால் அது தானே நெடுநேரம் துடித்துக்கொண்டிருக்கும். அத்துடிப்பு பிறக்கும் இடம், நம் இதயத்தில், வலது மேலறைச் சுவரிலுள்ள ஒரு சிறு முடிச்சு. இங்கிலாந்தில் மார்ட்டின் ஃபிளாக் என்ற மருத்துவ மாணவர், மண்ணைக் குடைந்து வாழும் மோல் என்னும் சிறு பிராணியின் இதயத்தை உருப்பெருக்கியில் ஆராய்ந்தபோது அம்முடிச்சைக் கண்டார். அவரும் ஆர்தர் கீத் என்னும் அறிஞரும் 1907ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். முதலிற் கண்டவர் ஒரு மாணவர் என்பதை நினைவில் வையுங்கள்.

அம்முடிச்சைத் தன்போக்கில் விட்டால் ஓர் இளைஞரின் இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். அமைதியாக அமர்ந்திருப்பவரின் நாடியோ 70 அளவில் நிற்கிறது. இவ்வாறு இழுத்துப் பிடிப்பது வேகஸ் என்னும் நரம்பு. மூளையின் அடியிலிருந்து கழுத்து வழியே இறங்கி, இதயம், நுரையீரல், இரைப்பை என்று பல இடங்களுக்கும் கிளைவிடுவதால், இலத்தீன் மொழியில் ‘அலைந்து திரிவது’ என்று அதற்குப் பெயரிட்டனர். முதுகுத் தண்டிலிருந்து வரும் பரிவு நரம்புகள் இதற்கு மாறாக இதயத்தை விரைவுபடுத்துகின்றன. முன்னதை மாட்டின் மூக்கணாங்கயிறு என்றும், பின்னதைத் தார்க்குச்சி என்றும் கொள்ளலாம். இரண்டும் நம் விருப்பத்தைக் கேளாமலே இயங்குவதால் தானியங்கு நரம்பு மண்டலம் என்ற பெயர் ஏற்பட்டது. 1967ஆம் ஆண்டு டிசம்பரில் கேப் டவுன் நகரில் கிறிஸ்டியன் பர்னார்ட் தொடங்கிவைத்த மாற்று இதய சிகிச்சை இதனை மெய்ப்பித்தது எனலாம். நரம்புகள் அறுபட்ட அத்தகைய இதயம் ஓய்வின்போதும் 90, 100 என்றே துடிக்கிறது.

வேகஸ் நரம்பை மின்சாரத்தால் தூண்டினால் இதயம் நின்றுவிடும் என்பதை ஜெர்மனியைச் சேர்ந்த வெபர் சகோதரர்கள் 1845இல் காட்டினர். ஆனால் நரம்பு இதயத்திடம் எவ்வாறு பேசுகிறது? இதற்கு விடை கண்டவர் ஆஸ்திரியாவிலிருந்த ஆட்டோ லூவி. அவர் பின்னாளில் சொன்ன கதை சுவையானது. நள்ளிரவில் கனவில் ஒரு சோதனை தோன்ற, எழுந்து ஒரு தாளில் கிறுக்கிவிட்டு உறங்கிப் போனார். காலையில் பார்த்தால் தம் எழுத்தே தமக்கு விளங்கவில்லை! மறுநாள் இரவும் அதே கனவு வந்தது. இம்முறை தாளை நம்பாமல் நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டார். ஒரு தவளை இதயத்தின் வேகஸைத் தூண்டி அதனை மெதுவாக்கினார். அதிலிருந்த நீரை எடுத்து, நரம்பே இல்லாத வேறோர் இதயத்திற்குச் செலுத்தினார். அதுவும் மெதுவாகியது. நரம்பின் நுனியில் ஒரு வேதிப்பொருள் சுரக்கிறது என்பது தெளிவாயிற்று. 1921இல் வெளியான இவ்வாய்வுக்காக, ஹென்றி டேலுடன் அவர் 1936இல் நோபல் பரிசு பெற்றார். அப்பொருளே அசிட்டைல்கோலின். பரிவு நரம்பின் தூதுவன் நார் அட்ரினலின்.

நலமுள்ள இதயத்தில் கயிறும் குச்சியும் தீங்கு செய்வதில்லை. உள்ளே மறைவான குறையுள்ள இதயத்தில்தான் அவை தாளத்தைக் குலைக்கின்றன. சிலருக்கு இரவு உணவுக்குப் பின் ஓய்ந்து கிடக்கையில் மேலறைகள் தாறுமாறாக நடுங்கத் தொடங்கும். இது வேகஸின் வேலை என்பதைப் பாரிஸ் நகர மருத்துவர் பிலிப் கூமெல் எடுத்துக்காட்டினார். உங்கள் வயதினர் அறிய வேண்டியது மற்றொன்று. நீள் க்யூடி என்னும் பிறவி நோயில், ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயத் தசை மின்னிலை மீள்வதற்கு அளவுக்கு மேல் நேரமாகும். அந்நிலையில் பரிவு நரம்பு குத்தினால் கீழறைகளின் தாளம் கெட்டு, ஆள் திடீரென வீழ்வார். சிலருக்கு நீச்சலும் ஓட்டமும், சிலருக்குக் கடிகார மணியோசை போன்ற எதிர்பாராத ஒலியும் போதும். வேறொரு வகை நோயில் ஓய்வில் எடுத்த மின் இதய வரைபடம்கூடக் குறையற்றதாகவே தோன்றும்; ஓடவைத்து எடுத்தால்தான் வெளிப்படும்.

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வெயிலில் நெடுநேரம் நின்ற பிள்ளை மயங்கி விழுவதை, ஆண்டுகள் பல தலைமையாசிரியனாக இருந்தவன் என்ற முறையில் நான் பலமுறை கண்டதுண்டு. இரத்தம் கால்களில் தேங்க, வேகஸ் மிகுந்து நாடி தளர்ந்து, குழாய்களும் விரிய, மூளைக்கு இரத்தம் குறைகிறது. முன்னதாகக் கண் இருளும், வியர்க்கும். மல்லாக்கக் கிடத்திக் கால்களைச் சற்று உயர்த்தினால் பெரும்பாலும் உடனே தெளியும். தூக்கி நிறுத்துவதும், சுற்றிக் கூடுவதும், கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும் வீண். ஓட்டப் பந்தயத்தின் நடுவிலோ நீந்தும்போதோ முன்னறிவிப்பின்றி விழுந்தவனைப் பற்றிய பேச்சு வேறு. அவன் விரைவில் தெளிந்துவிட்டாலும், ‘சத்துக் குறைவு’ என்று சொல்லி மீண்டும் ஓடவிடுதல் ஆகாது. உணர்வும் மூச்சும் இல்லையேல் உதவிக்கு ஆளழைத்து, மார்பின் நடுவே கைகளால் விடாது அழுத்த வேண்டும்.

இத்தகையோர்க்கு வழி இல்லாமலில்லை. ஜேம்ஸ் பிளாக் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் 1960களில் உருவாக்கிய பீட்டா தடுப்பு மருந்துகள் தார்க்குச்சியின் முனையை மழுக்குகின்றன. 1988இல் அவரும் நோபல் பரிசு பெற்றார். மருந்து போதாதபோது இடப்பக்கப் பரிவு நரம்பையே வெட்டிவிடுவதும் உண்டு. ருமேனியாவில் யோனெஸ்கு என்ற அறுவை மருத்துவர் 1916லேயே இதனைச் செய்து பார்த்தார். இன்று விலாவில் சிறு துளைகள் இட்டே செய்கிறார்கள்.

மருத்துவரிடம் செல்லும்போது, விழுந்த பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தான் என்பதை உடனிருந்தவர் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஓடும்போதா, ஓடி முடித்து நின்ற பிறகா என்பது மருத்துவருக்குப் பெரிய வேறுபாடு. குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர், நீரில் மூழ்கியவர் உண்டா என்றும் அவர் கேட்பார். பரம்பரையாக வரக்கூடிய நோயாதலால், அது உறுதியானால் உடன்பிறந்தோர்க்கும் பெற்றோர்க்கும் மின் இதய வரைபடம் எடுத்துப் பார்ப்பார்கள்.