பள்ளிக்கூடம் துபாயில்... தாத்தா வீடு ஸ்ரீரங்கத்தில்! ப்ளஸ் ஒன் எங்கே படிப்பது?

ஜூலை பிறந்துவிட்டால் திருச்சி விமான நிலைய வாசலில் தாத்தா பாட்டிகள் கூட்டம்தான். துபாய், ஷார்ஜா, மஸ்கட், குவைத் என வளைகுடாவிலிருந்து பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து இறங்கும் நேரம் இது. வந்ததும் அவர்களுக்கு ஓர் ஏமாற்றம். சேர்ந்து விளையாட வேண்டிய அத்தை மகனும் சித்தி மகளும் பள்ளிக்குப் போயிருப்பார்கள்! கோடை விடுமுறை இங்கே ஏப்ரல், மே. அங்கே ஜூலை, ஆகஸ்ட். ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபம் படித்துறையில் காவிரியைக் கும்பிட்ட கையோடு, பெட்டி கட்டும் வேலை தொடங்கிவிடும்.

ஆனால், பத்தாம் வகுப்பை நெருங்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் இந்த விடுமுறையில் வேறொரு பேச்சும் ஓடும். 'ப்ளஸ் ஒன்னுக்கு இவனை இங்கேயே சேர்த்துவிடலாமா?'

திரும்புவதற்காகவே ஒரு பள்ளி

1924-ல் ஜெனீவாவில் தொடங்கிய பன்னாட்டுப் பள்ளி, அங்கிருந்த சர்வதேச அமைப்புகளின் ஊழியர்களது பிள்ளைகளுக்கானது. எந்த நாட்டுக்கு மாறிப் போனாலும் படிப்பு தொடர வேண்டும் என்ற தேவையிலிருந்து 1968-ல் பிறந்ததுதான் ஐ.பி. பாடத்திட்டம்.

வளைகுடாவின் இந்தியப் பள்ளிகள் வேறு ரகம். பஹ்ரைனில் 1950, துபாயில் 1961, மஸ்கட்டில் 1975 என அங்கே குடியேறிய நம்மவர்கள் தொடங்கியவை இவை. பெரும்பாலும் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம்தான். காரணம் எளிது. அங்கே எத்தனை வருடம் இருந்தாலும் குடியுரிமை கிடைப்பது அரிது. அப்பாவின் வேலை போனால் விசாவும் போகும். 1990 ஆகஸ்டில் குவைத்துக்குள் ஈராக் படை நுழைந்தபோது, ஒரு லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் விமானங்களில் ஊர் திரும்பினார்கள். அப்படியொரு நாள் வந்தாலும், பிள்ளை இங்கே அதே பாடத்தைத் தொடர முடிய வேண்டும் என்பதுதான் பெற்றோரின் கணக்கு.

அவசரப்பட்டால் நழுவும் இடம்

ஜே.இ.இ. கோச்சிங்குக்காகப் பிள்ளையை ப்ளஸ் ஒன்னில் திருச்சிக்கு அழைத்து வருகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். துவாக்குடி என்.ஐ.டி. உள்ளிட்ட கல்லூரிகளில் 'தாசா' என்ற திட்டத்தில் வெளிநாட்டில் படித்தவர்களுக்குத் தனி இடங்கள் உண்டு. அதில் மூன்றில் ஒரு பங்கு, வளைகுடாவில் வேலை செய்யும் இந்தியர்களின் பிள்ளைகளுக்கு. இந்தப் பிரிவில் கட்டணமும் குறைவு. ஆனால் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ இரண்டையும் வெளிநாட்டில் படித்திருக்க வேண்டும். இங்கே வந்து சேர்ந்த பிறகு 'எங்களுக்கும் அந்த இடம் உண்டா?' என்று கேட்டுப் பயனில்லை. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம் என்பதால், முடிவெடுக்கும் முன் அந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்துவிடுவது நல்லது.

அழைத்து வருவதுதான் முடிவென்றால் டி.சி. முக்கியம். அந்த நாட்டின் கல்வித்துறை, இந்தியத் தூதரகம் இரண்டின் சான்றொப்பமும் வேண்டுமா என்பதை இங்கே சேர்க்கப்போகும் பள்ளியில் முன்பே கேட்டு, விமானம் ஏறுவதற்குள் வாங்கிவிட வேண்டும்.

தமிழ் என்னாகும்?

சி.பி.எஸ்.இ.-யில் தமிழ் ஒரு பாடமாக உண்டு. ஆனால், வளைகுடாவில் எல்லாப் பள்ளிகளிலும் அதற்கு ஆசிரியர் இருப்பதில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஒன்பதாம் வகுப்பு வரை அரபியும் கட்டாயம். ஆங்கிலம், இந்தி, அரபி என்று மூன்று மொழி எழுதும் பிள்ளை, தமிழைப் பேசுவதோடு நின்றுவிடுகிறது. பாட்டியோடு மணிக்கணக்கில் போனில் பேசும். ஆனால் பாட்டி தமிழில் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியை அம்மாதான் படித்துச் சொல்ல வேண்டும்.

இதற்கும் வழி உண்டு. உலகத் தமிழர்களுக்காகத் தமிழக அரசு 2001-ல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகம், எழுத்தறிவிலிருந்து ஆரம்பித்துச் சான்றிதழ் படிப்புகளை நடத்துகிறது. வீட்டிலிருந்தே படிக்கலாம்.

அதற்கு முன்பாக, இந்த விடுமுறையில் தாத்தாவுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ் வரும்போது பலகையைத் தாத்தா படிக்க வேண்டாம். பேரன் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டால் பரவாயில்லை. அடுத்த ஒன்றாம் நம்பர் பின்னாலேயே வரும்!