காப்பியும் நடைப்பயிற்சியும்: கற்கும் மூளைக்குத் துணை எது?

தேர்வு நெருங்கும்போது நம் மாணவர் பலர் விளையாட்டுத் திடலை மறந்து, இரவில் கண்விழிக்கக் காப்பியை நாடுகின்றனர். இவ்விரு மாற்றங்களும் கற்றலுக்கு என்ன செய்கின்றன என்பதை நாம் ஆராய்வது நலம்.

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது நரம்பணுக்களின் ஏற்பிகளில் பொருந்தும்போது சோர்வும் உறக்கமும் தோன்றுகின்றன. காப்பியிலும் தேநீரிலும் உள்ள காஃபின் அதே ஏற்பிகளில் அமர்ந்து, அடினோசினுக்கு இடம் தராமல் தடுக்கிறது. அதனால் விழிப்பும் கவனமும் கூடுகின்றன. ஆயினும், சேர்ந்த அடினோசின் அங்கேயே இருக்கிறது. களைப்பு மறைக்கப்படுகிறதேயன்றிக் களையப்படுவதில்லை.

உட்கொண்ட காஃபினில் பாதி நீங்கவே பெரியவர்களுக்கு ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்கு அருந்திய காப்பியின் காஃபினில் பாதி, இரவு 11 மணிக்கும் உடலில் இருக்கும். படுப்பதற்கு 6 மணி நேரத்திற்கு முன் 400 மில்லிகிராம் காஃபின் உட்கொண்டவர்களின் உறக்கம் ஒரு மணி நேரத்திற்கு மேல் குறைந்ததை 2013ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று காட்டியது. படித்தவை நினைவில் நிலைபெறப் பெரிதும் உதவுவது உறக்கமே. அதனைக் குறைத்துக்கொண்டு படிப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதற்கு ஒப்பாகும்.

இனி, ஏரோபிக் பயிற்சியைக் காண்போம். விரைந்து நடத்தல், ஓடுதல், நீந்துதல் முதலிய, மூச்சையும் இதயத் துடிப்பையும் விரைவுபடுத்தும் பயிற்சிகளே இவை. இல்லினாய்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், 20 நிமிடம் நடந்த சிறுவர்கள் கவனச் சோதனையிலும் வாசித்துப் புரிந்துகொள்ளும் சோதனையிலும் மேம்பட்டனர். 2011இல் வெளியான மற்றோர் ஆய்வில் 120 முதியோர் பங்கேற்றனர். ஓராண்டு நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு, நினைவாற்றலுக்கு அடிப்படையான ஹிப்போகேம்பஸ் என்னும் மூளைப்பகுதி ஏறத்தாழ 2 விழுக்காடு வளர்ந்தது. உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கோ அது சுருங்கியது.

காப்பி தரும் ஊக்கம் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நாள்தோறும் செய்யும் பயிற்சியின் பயன் மூளையிலேயே தங்கும். காலையில் ஒரு கோப்பை காப்பி அருந்துவதைப் பெரியவர்கள் கைவிட வேண்டியதில்லை. ஆனால், தேர்வைக் காரணம் காட்டி உடற்கல்விப் பாடவேளையைப் பிற பாடங்களுக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை ஆசிரியர்களாகிய நாம் கைவிட வேண்டும். அந்த நேரமும் கற்றலுக்குரிய நேரமே.