பதக்கக் கோவையின் மெய்ம்மை காணல்

ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்பார்க்கு இடைச்செருகல் என்பது நன்கறிந்த இடராகும். செருகப்பட்ட பாடல் யாப்பிற் குறைவின்றியும், பழமை வாய்ந்ததாயும் இருத்தல் கூடும். ஆயினும் அஃது அந்நூலுக்கு உரியதன்று. பழம்பொருள் ஆய்விலும் இத்தகைய இடர் உண்டு. செருமனி, ஆசுத்திரியா ஆகிய நாடுகளின் படைவீரர் மார்பில் அணிந்த பதக்கக் கோவைகள் அதற்குத் தக்க சான்றாவன. உறுப்புகள் யாவும் மெய்யாயிருக்க, அவற்றாலாய முழுமை பொய்யாதல் எங்ஙனம் என்பதனையும், அதனைக் கண்டறியும் நெறியினையும் ஈண்டு ஆராய்வோம்.

பதக்கக் கோவை என்பது, ஒரு வீரன் பெற்ற விருதுகளை அவற்றிற்குரிய நாடாக்களோடு வரிசையுறத் தைத்து, பின்புறம் துணியிட்டு ஊசி பொருத்திய அணியாகும். செருமானியர் நாடாவை நேராக மடித்து அடுக்குவர். ஆசுத்திரியர் அதனை முக்கோண வடிவில் மடித்து நிறுத்துவர். இவ்வேறுபாடு கொண்டு, செருமானிய மடிப்பில் ஆசுத்திரியப் பதக்கம் காணப்படின் அதனைப் போலியெனத் தள்ளுதல் பிழையாம். முதல் உலகப் போரில் இருநாட்டுப் படைகளும் ஓரணியில் நின்றமையின், ஒரு நாட்டார் மற்றதன் விருதைப் பெறுதல் வழக்கமாயிருந்தது. மேலும், 1938இல் ஆசுத்திரியா செருமனியோடு இணைக்கப்பட்டபின், அந்நாட்டு வீரர் செருமானியப் படையிற் பணிபுரிந்து, தம் பழைய விருதுகளைப் புதிய முறையில் தைத்து அணிந்தனர். எனவே, மடிப்பு கோவை எந்நாட்டு வழக்கில் தைக்கப்பட்டது என்பதனைக் காட்டுமேயன்றி, விருது எந்நாட்டது என்பதனைக் காட்டாது.

அடுத்து நோக்கத்தக்கது காலம். ஒரு கோவையின் காலத்தை அதன்கண் உள்ள மிகப் பிந்திய விருதே வரையறுக்கும். இரும்புச் சிலுவை 1813இல் பிரசிய மன்னர் மூன்றாம் பிரடெரிக் வில்லியமால் நிறுவப்பெற்று, 1870, 1914, 1939 ஆகிய ஆண்டுகளிற் புதுப்பிக்கப்பெற்றது. உலகப் போர் மதிப்புச் சிலுவையோ 1934 சூலைத் திங்களில் இண்டன்பர்க்கால் நிறுவப்பெற்றது. இவ்விரண்டும் உள்ள கோவை 1934க்கு முன் தைக்கப்பட்டிருத்தல் இயலாது. 1939ஆம் ஆண்டு குறித்த சிலுவையிற் சுவத்திகக் குறி இருந்தது. 1957இல் மேற்குச் செருமனி இயற்றிய சட்டம் அக்குறியுடன் அணிதலைத் தடுத்தமையின், அவ்விடத்தில் ஓக்கு இலைகள் பொறித்த வடிவம் தோன்றியது. அவ்வடிவம் போலியன்று, ஆயின், அதனைக் கொண்ட கோவை போர்க்காலத்ததென விற்கப்படின் அக்கூற்றே போலியாகும். ஆசுத்திரிய விருதுகளிலும் இவ்வாறே காலம் காணலாம். பிரான்சு யோசப்பு பேரரசர் 1916 நவம்பரில் மறைந்தார். அவர் உருவம் பொறித்த வீரப் பதக்கத்தில் செருமன்மொழி எழுத்தும், அவர்க்குப்பின் வந்த கார்ல் பேரரசர் காலத்துப் பதக்கத்தில் இலத்தீன் எழுத்தும் உள்ளன. 12 வாரம் போர்முனையில் நின்றார்க்குரிய கார்ல் படைச் சிலுவை 1916 திசம்பரில் நிறுவப்பெற்றது, அது துத்தநாகத்தாலாயது.

மூன்றாவது, உறுப்புகள் தம்முள் இயைதல். 1914ஆம் ஆண்டு இரும்புச் சிலுவையின் இரண்டாம் வகுப்பைப் போரிட்டார் வெண்கோடுடைய கருநாடாவிலும், போரிடாதார் கருங்கோடுடைய வெண்ணாடாவிலும் அணிந்தனர். மதிப்புச் சிலுவை முனைவீரர்க்கு வாளுடனும், பிறர்க்கு வாளின்றியும் வழங்கப்பட்டது. கருநாடாவிற் சிலுவையும் அதன் அருகே வாளற்ற மதிப்புச் சிலுவையும் நிற்குமாயின், ஒருவன் போரிட்டான் என்று ஒன்றும் போரிட்டிலன் என்று மற்றொன்றும் கூறுகின்றன. இம்முரண் ஒன்றே முடிவாகாது. ஆயினும் ஐயுற்று ஆராய்தற்குப் போதிய காரணமாகும்.

இறுதியாகப் பொருட்சான்று. நெடுங்காலம் தைக்கப்பட்டிருந்த நாடாவின் முகம் வெளிறியும், மடிப்பினுள் நிறம் மங்காதும் இருக்கும். பதக்கம் உராய்ந்த இடத்தில் தேய்வோ துருக்கறையோ காணப்படும். அச்சுவடு அங்குத் தொங்கும் பதக்கத்தின் வடிவோடு பொருந்துகின்றதா என நோக்குதல் வேண்டும். 1914ஆம் ஆண்டுச் சிலுவையின் நடுத்தகடு பெரும்பான்மையும் இரும்பாதலின் காந்தத்தால் ஈர்க்கப்படும். புற ஊதாக் கதிரில் நூல் வெண்ணீலமாய் ஒளிருமாயின், இக்காலச் செயற்கை இழையோ வெளுப்பூட்டும் பொருளோ அதில் உண்டெனக் கருதலாம். ஆயின், பழைய நாடாவையே இக்காலச் சலவைத்தூளில் துவைத்திருப்பினும் அவ்வொளி தோன்றும். ஆதலின் ஒரு சோதனையை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூறுதல் தகாது.

இத்துணை நுணுகி ஆராய்தற்குக் காரணம் விலை மட்டுமன்று. பிரசியப் படைவீரர் ஆவணங்களிற் பெரும்பகுதி, 1945 ஏப்பிரலில் போட்சுடாம் நகர் குண்டுவீச்சுக்கு இலக்கானபோது படை ஆவணக் காப்பகத்தோடு எரிந்தொழிந்தது. பவேரிய வீரர் பட்டியல்கள் மூனிக்கு நகரில் எஞ்சியுள. பிரசிய வீரர் பலர்க்கு அத்தகைய பட்டியல் இல்லை. அன்னார் ஒருவர் எங்கு நின்றார், யாது செய்தார் என்பதற்குப் பெயர் பொறியாத ஒரு கோவையே எஞ்சிய சான்றாயிருத்தலும் உண்டு. மெய்ப்பதக்கங்களைச் சேர்த்துப் புதிதாகத் தைப்பவர், வாழ்ந்திராத ஒரு வீரனைப் படைக்கின்றார். அப்பதக்கங்களுக்காகப் பழங்கோவையைப் பிரிப்பவரோ, வாழ்ந்த ஒருவனை அழிக்கின்றார். கிழிந்த நாடாவை நன்னோக்குடன் மாற்றுவாரும், தம் திருத்தத்தைக் குறிக்காது விட்ட பதிப்பாசிரியரை ஒப்பர். ஆதலின், கோவையைக் கைக்கொண்டார் முதற்கண் செய்யத்தக்கது, அதன் முன்னும் பின்னும் ஒளிப்படம் எடுத்து, உள்ளது உள்ளவாறு பதிவு செய்தலே. தையலை அவிழாமை அதனினும் இன்றியமையாதது என்க.