மிரட்டல் எப்போது குற்றமாகிறது?



‘பயங்கரவாத மிரட்டல்’ என்றதும் குண்டும் துப்பாக்கியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அமெரிக்க மாநிலச் சட்டங்களில் வெறும் சொல்லே அந்தக் குற்றமாகிவிடலாம்.

கலிஃபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 422ஆம் பிரிவைப் பாருங்கள். கொல்வேன் அல்லது படுகாயப்படுத்துவேன் என்று ஒருவர் மிரட்ட வேண்டும். அது மிரட்டலாகவே கொள்ளப்பட வேண்டும் என்ற நோக்கம் அவருக்கு இருக்க வேண்டும். உடனே நடந்துவிடும் என்று நம்பும்படி அது தெளிவாக இருக்க வேண்டும். கேட்டவருக்கு நியாயமான, நீடித்த அச்சம் உண்டாக வேண்டும். சொன்னதைச் செய்யும் எண்ணம் அவருக்கு உண்மையில் இருந்ததா என்பதைச் சட்டம் கேட்பதில்லை.

ஏன் கேட்பதில்லை? அச்சமே ஆயுதம் என்பதால்தான். கூ க்ளக்ஸ் க்ளான் எரித்த சிலுவைகள் ஒரு வார்த்தையும் பேசவில்லை; அவற்றின் பொருள் கறுப்பின மக்களுக்குப் புரிந்தது. மிரட்டும் நோக்கோடு சிலுவை எரிப்பதை மாநிலங்கள் தடை செய்யலாம் என்று 2003இல் வர்ஜீனியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எரித்ததை மட்டுமே வைத்து அந்த நோக்கத்தை ஊகித்துவிடக் கூடாது என்றும் சொன்னது.

இதே வகைச் சட்டம் எதிர்ப்பக்கமும் பாய்ந்திருக்கிறது. 1966இல் வாஷிங்டனில் நடந்த ஒரு கூட்டத்தில், கட்டாய ராணுவச் சேவையை எதிர்த்த 18 வயதுக் கறுப்பின இளைஞர் வாட்ஸ், தன் கையில் துப்பாக்கியைத் திணித்தால் முதல் குறி ஜனாதிபதிதான் என்றார். கூட்டம் சிரித்தது, அரசு வழக்குப் போட்டது. அது ஒன்றிய அரசின் சட்டத்தின்கீழ் வந்த வழக்கு. அவர் பேசியது அரசியல் மிகைப்பேச்சே, உண்மையான மிரட்டல் அல்ல என்று 1969இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. தன் பேச்சு வன்முறை மிரட்டலாகக் கொள்ளப்படும் அபாயத்தை அறிந்தும் பொருட்படுத்தாமல் பேசினார் என்றாவது அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2023இல் கொலராடோ வழக்கு வரையறுத்தது.

பேசியவரின் மனநிலையை அளக்க நீதிமன்றங்கள் இவ்வளவு உழைத்திருக்கின்றன. கேட்டவரின் அச்சம் ‘நியாயமானது’ என்று முடிவு செய்வது யார்? அடிபட்ட வரலாறு இல்லாதவருக்கு எரியும் சிலுவை வெறும் நெருப்பு. நம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் (1989) இழிவுபடுத்தும் நோக்கில் பொதுப் பார்வையில் மிரட்டுவதைக் குற்றம் என்கிறது. அங்கும் இங்கும் வழக்கின் உயிர், யார், யாரை, எந்தச் சூழலில் மிரட்டினார் என்ற கேள்வியில் இருக்கிறது. அந்தச் சூழலை முதல் புகாரிலேயே எழுத வைப்பது நம் வேலை.