விழுவதற்கும் ஒரு பயிற்சி

சிம்பாங் பூலாயிலிருந்து மலையேறி வந்தால் மலேசியாவின் கேமரன் மலையில் முதலில் வரும் ஊர் கம்போங் ராஜா. அதன் பக்கத்தில் புளூவேலி. மழை பெய்து ஓய்ந்த காலையில் தேயிலை நிரைகளுக்கு நடுவே இறங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. இயந்திரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி கொழுந்து வெட்டிக்கொண்டு வரும் இருவரில் ஒருவருக்குக் கால் வழுக்கினால், கை தானாகத் தரையை நோக்கி நீளும். உடம்பின் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். அப்படி முறியும் எலும்பைப் பற்றி அயர்லாந்து மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814-லேயே எழுதிவிட்டார். அந்த முறிவுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

விழுந்து இறப்பவர்கள் உலகில் ஆண்டுக்குச் சுமார் 684,000 பேர் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். விபத்துச் சாவுகளில் சாலைக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

கை நீளும் அந்தப் பழக்கத்தை மறக்கடிப்பதுதான் ஐகிடோ வகுப்பின் முதல் வேலை. மொரிஹேய் உயேஷிபா (1883–1969) உருவாக்கிய இந்த ஜப்பானியத் தற்காப்புக் கலையில் விழும் முறைக்கு உகேமி என்று பெயர். புதிதாகச் சேர்ந்தவரை யாரும் உடனே தூக்கி எறிய மாட்டார்கள். முதலில் பாயில் உட்கார்ந்த இடத்திலிருந்தே பின்னால் சாய வேண்டும். முகவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்க, கண் இடுப்புக் கச்சையின் முடிச்சைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் பின்மண்டை தரையில் படாது. அது பழகியதும் குந்திய நிலையிலிருந்து, பிறகு நின்ற நிலையிலிருந்து. முன்பக்கம் உருளும்போது வளைந்த கையின் சுண்டுவிரல் ஓரம் முதலில் தரையைத் தொடும். அங்கிருந்து முழங்கை, தோள், பிறகு முதுகின் குறுக்காக மறுபக்க இடுப்பு. தலையும் முதுகெலும்பும் தரையில் நேராக மோதுவதே இல்லை. அடி ஓர் இடத்தில் விழாமல் உடம்பு நெடுகப் பரவி, மிஞ்சிய வேகம் எழுந்து நிற்க உதவும்.

மலேசியாவில் இக்கலையின் யோஷின்கான் பிரிவை வளர்த்த முன்னோடிகளில் ஒருவர் தம்பிராஜா. மலேசியாவில் பிறந்து மெல்பர்னில் ஷூடோக்கான் பயிற்சிக்கூடத்தை நடத்திவரும் ஜோ தம்பு அவருடைய உறவினர். ஐகிடோ கற்றதும் அவரிடமே. உயேஷிபாவின் மாணவர் கோஸோ ஷியோதா 1955-இல் தொடங்கிய யோஷின்கான், டோக்கியோ கலவரத் தடுப்புப் போலீசாருக்கும் பயிற்சி கொடுத்தது. காற்றில் புரண்டு விழுவது அங்கே அன்றாட வேலை.

ஐகிடோ செய்துகாட்டலைப் பார்ப்பவர்கள் சிலர், “அந்த ஆள் தானாகத்தானே விழுகிறார்!” என்று சிரிப்பார்கள். பாதி உண்மைதான். மணிக்கட்டை வெளிப்புறமாகத் திருகும் பிடியில் சிக்கியவருக்கு, உடம்பையும் கூடவே புரட்டி விழாவிட்டால் மூட்டு போய்விடும். அதனால் அவர் விழுகிறார். ஐகிடோவின் பெரும்பாலான பிரிவுகளில் போட்டி கிடையாது. இருவர் சேர்ந்து பழகுவார்கள். எறிந்தவரே சற்று நேரத்தில் எறியப்படுவார். ஆக, பயிற்சி நேரத்தில் பாதி விழுவதிலேயே போகிறது. எதிராளி ஒழுங்காக விழுவார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் பிடியை அரைகுறையாக விடாமல் கடைசி வரை செய்து பார்க்க முடியும். அதற்காகப் பிடி இறுகும் முன்பே துள்ளி விழுந்து ஆசிரியரை மகிழ்விக்கும் மாணவரால் யாருக்கும் பயனில்லை. அது வெறும் கூத்து.

விழத் தெரியாதவரை எறிந்தால் என்ன ஆகும் என்பதை ஜூடோ காட்டியிருக்கிறது. 1983-க்குப் பிந்தைய சுமார் முப்பது ஆண்டுகளில் ஜப்பானியப் பள்ளிகளில் ஜூடோவின்போது இறந்த மாணவர்கள் நூற்றுக்கும் மேல் என்று ஆய்வாளர் ரியோ உச்சிதா தொகுத்துக் காட்டினார். பலருக்குத் தலையில் அடி. அவர்களில் கணிசமானோர் புதிதாகச் சேர்ந்தவர்கள்.

நெதர்லாந்தில் இந்த வித்தை முதியோரிடம் போயிருக்கிறது. அங்கே ஐந்து வாரப் பயிற்சித் திட்டம் ஒன்றில், நடைப் பயிற்சிகளோடு தற்காப்புக் கலையின் விழும் முறைகளையும் கற்றுக்கொடுத்தார்கள். 2006-இல் வெளியான முடிவுப்படி, பயிற்சி பெற்றவர்கள் விழுவது 46 விழுக்காடு குறைந்தது. மறு ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வில், அனுபவமுள்ள ஜூடோ வீரர்களை மண்டியிட்ட நிலையிலிருந்து பக்கவாட்டில் விழச் செய்து அளந்தார்கள். கையை ஊன்றி விழுவதைவிட உருண்டு விழும்போது இடுப்பில் இறங்கிய விசை கால் பங்குக்கு மேல் குறைந்தது. பயிற்சிக்கூடங்களில் படீரென்று கையால் பாயை அறைகிறார்களே, அந்த அறை இல்லாமல் உருண்டபோதும் கிட்டத்தட்ட அதே பலன்தான்.