ஒரு பக்கம் குளிர், மறு பக்கம் வெக்கை

விருத்தாசலம் வெயிலில் காரில் போகிறீர்கள். பக்கத்து சீட்டுக்காரர் குளிருது என்கிறார். ஓட்டுகிற உங்களுக்கோ வேர்த்துக் கொட்டுகிறது. இருப்பது ஒரே ஏசிதானே, ஏன் இப்படி?

முதலில் காற்று வருகிற இடத்தில் கையை வைத்துப் பாருங்கள். எல்லாப் பக்கமும் காற்றே மந்தமாக வந்தால், ஏசி ஃபில்டரில் தூசி அடைத்திருக்கலாம். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் மண்தூசியில் தினமும் ஓடுகிற வண்டி என்றால், ஃபில்டரை அடிக்கடி பார்ப்பது நல்லது.

காற்று வேகமாக வந்தும் ஒரு பக்கம் மட்டும் குளிரவில்லையா? ஏசி கேஸ் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் கேஸ் திரவமாக நுழைந்து, ஆவியாகும்போதுதான் சூட்டை இழுத்துக்கொள்கிறது. அளவு குறைந்தால், நுழைந்த கொஞ்ச தூரத்திலேயே எல்லாம் ஆவியாகிவிடும். காயிலின் அந்த ஓரம் சில்லென்று இருக்கும், மறு ஓரத்துக்குக் குளிர்ச்சி போய்ச் சேராது. குளிராத அந்த ஓரத்தைத் தொட்டு வரும் காற்றுதான் உங்கள் முகத்தில் அடிக்கிறது!

ஒன்று கவனியுங்கள். இந்த கேஸ் பெட்ரோல் மாதிரி ஓடி ஓடித் தீர்வதில்லை. நன்றாகக் குறைந்துவிட்டதென்றால் எங்கோ கசிகிறது. மறுபடி நிரப்பச் சொல்வதற்கு முன்னால், கசிவு எங்கே என்று மெக்கானிக்கிடம் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள்.