மாமன் மடியும் சிங்க வாகனமும்

புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் கடற்கரைச் சாலையில் நீங்கள் எப்போதாவது பிரயாணம் செய்ததுண்டா? வெள்ளை வெளேரென்று உப்பு குவிந்து கிடக்கும் மரக்காணத்து உப்பளங்களைக் காண்பதற்கு முன்பே கீழ்புத்துப்பட்டு என்று ஓர் ஊர் வரும். அங்கே மஞ்சனீஸ்வரர் என்ற திருநாமத்துடன், பூரணை புஷ்கலை சமேதராக ஐயனார் எழுந்தருளியிருக்கிறார். அந்த வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு அவர்தான் குலதெய்வம்.

பட்டணத்தில் குடியேறிவிட்டாலும் சரி, பிள்ளைக்கு முடி இறக்கிக் காது குத்துவதென்றால் அந்தக் குடும்பங்கள் அங்கேதான் வந்து சேரும். ஒரு பக்கம் மர நிழலில் மூன்று கல்லைக் கூட்டிப் பொங்கல் பொங்கும். இன்னொரு பக்கம் சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருக்கும். ஊசி காதில் பட்டதும் குழந்தை வீறிடும். உடனே மேளக்காரர் பலமாகத் தட்டுவார். பிள்ளையின் அழுகை மேளத்தில் அமுங்கிப் போகும்!

இதைப் போன்ற ஒரு காட்சியைக் காண, சகோதரிகளே, கடல் கடந்து ஜாவாத் தீவுக்குப் போவோம், வாருங்கள். நம் மணிமேகலைக் காப்பியம் 'சாவகம்' என்று சொல்லும் நாடுதான் அது. தீவின் மேற்குப் பகுதியில் வாழ்பவர்கள் சுண்டானியர். நடுவிலும் கிழக்கிலும் வாழ்பவர்கள் ஜாவானியர். 2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஜாவானியர் ஒன்பதரைக் கோடி, சுண்டானியர் மூன்றரைக் கோடிக்கு மேல். பெரும்பாலோர் முஸ்லிம்கள்.

சுண்டானியர் வாழும் சுபாங் என்ற ஊரில், சுன்னத்துச் செய்யும் பையனை மரத்தில் செய்த சிங்கத்தின் மேல் ஏற்றுவார்கள். நாலு ஆட்கள் அதைத் தோளில் சுமந்து, கொட்டும் நாயனம் போன்ற ஒரு குழலும் முழங்க, ஆடிக்கொண்டே தெருவைச் சுற்றி வருவார்கள். பெயர் 'சிசிங்கான்'. நம் பிள்ளைக்கு மாமன் மடி. அந்தப் பிள்ளைக்குச் சிங்க வாகனம். வலிக்கப் போகிற பிள்ளையை ராஜாவாக்கிவிடும் சாமர்த்தியம் இரண்டு ஊருக்கும் தெரிந்திருக்கிறது!

அடுத்து, பெண்களின் வைபவம். நம் வீட்டுப் பெண்ணுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு நடத்துகிறோம் அல்லவா? ஜாவானியப் பெண்ணுக்கும் தலைப்பிள்ளையின் ஏழாம் மாதத்தில் 'மிதோனி' உண்டு. பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து, பூவிதழ் மிதக்கும் நீரை அவள்மேல் வார்க்கிறார்கள். பிறகு ஏழு துணிகளை ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்கு உடுத்திக் காட்டுகிறார்கள். அழகான சித்திரத் துணி வரும்போதெல்லாம், "பொருந்தவில்லை, பொருந்தவில்லை!" என்று கூடியிருக்கும் பெண்கள் கூவுகிறார்கள். ஏழாவதாகக் கைத்தறியில் நெய்த சாதாரணக் கோடு போட்ட துணி வருகிறது. "இதுதான் பொருத்தம்!" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்லிவிடுகிறார்கள். தாயாகப் போகிறவளுக்குச் சொல்லும் புத்திமதியை இதைவிட இங்கிதமாக யாரால் சொல்ல முடியும்?

அதற்குப் பிறகு அவள் காரமும் இனிப்புமான பழக் கலவையை 'விற்க' உட்காருகிறாள். அண்டை வீட்டார் விலையாகக் கொடுப்பது ஓட்டுச் சில்லு!

குழந்தை பிறந்து ஏறக்குறைய எட்டு மாதமானதும் முதன்முதலாக அதன் பாதத்தை மண்ணில் பதிக்கும் சடங்கு நடக்கிறது. ஏழு வண்ணத்தில் செய்த அரிசிப் பலகாரத்தின்மேல் நடத்துகிறார்கள். கரும்பால் கட்டிய ஏணியில் ஏற்றுகிறார்கள். மஞ்சள் அரிசியோடு காசைக் கலந்து இறைத்தால், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் விழுந்து பொறுக்குகிறார்கள். எந்த விசேஷமானாலும் 'ஸ்லமேத்தான்' என்ற விருந்து உண்டு. கூம்பு போலக் குவித்த சோற்றை நடுவில் வைத்து வேண்டிக்கொள்வார்கள். கொஞ்சம் அங்கே சாப்பிட்டு, மீதியைக் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். நாம் தாம்பூலப் பை கொடுத்தனுப்புவது போலத்தான்.

வசதியுள்ள வீடானால் அன்றிரவு 'கமெலான்' வாத்திய கோஷ்டி வரும். வெண்கலக் கட்டைகளும் பெரிய பெரிய கண்டாமணிகளும் கொண்ட வாத்தியக் கூட்டம் அது. ஒரு கோஷ்டியின் கட்டையை எடுத்து இன்னொன்றில் வைத்தால் சுருதி சேராது. ஒவ்வொன்றும் தனிக் குடும்பம். அந்த வாத்தியத்தைத் தாண்டிக் காலெடுத்து வைப்பது அபசாரம்.

கமெலான் முழங்க, தோற்பாவை நிழற்கூத்து விடிய விடிய நடக்கும். ஒரே ஒரு மனிதர் சம்மணமிட்டு அமர்ந்து, பாவைகளை ஆட்டி, எல்லாருக்கும் குரலும் கொடுக்கிறார். கதை என்ன தெரியுமா? பெரும்பாலும் மகாபாரதம்! ஆனால் அங்கே திரௌபதி தர்மபுத்திரர் ஒருவருக்கு மட்டுமே மனைவி.

நம் விழுப்புரம் பக்கத்திலும் பாரதம் விடிய விடிய நடக்கிறது. திரௌபதி அம்மன் திருவிழாவில் தெருக்கூத்து கட்டுவார்கள். நிழற்கூத்தில் சிரிக்க வைக்கச் 'செமார்' என்ற கிழ வேலைக்காரர் வருவது போல, இங்கே கட்டியங்காரன் வருகிறான். கோயிலில் மட்டுமா கூத்து? வீட்டில் பெரியவர் காலமானால், கருமாதி இரவில் 'கர்ண மோட்சம்' ஆட வைப்பதும் வட மாவட்டங்களில் வழக்கம். துக்கம் கேட்க வந்த ஊரே கர்ணனுக்காகவும் அழுகிறது. வீட்டாரின் துயரத்தில் ஒரு பங்கை ஊரும் வாங்கிக்கொள்கிறது.

இந்தக் கலைகளுக்கு இப்போது மரியாதைக்குக் குறைவில்லை. யுனெஸ்கோ 2008-இல் நிழற்கூத்தையும், 2010-இல் சுண்டானியரின் மூங்கில் வாத்தியமான அங்க்லுங்கையும், 2021-இல் கமெலானையும் தன் பட்டியலில் சேர்த்தது. தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

சந்தோஷந்தான். ஆனால் பட்டியலும் பட்டயமும் கலைஞன் வீட்டு அடுப்பைத் தினந்தோறும் மூட்டிவிடுமா? ஜாவானிய மொழியில் 'நங்காப்' என்று ஒரு சொல் இருக்கிறது. வீட்டு விசேஷத்துக்குப் பணம் கொடுத்து ஆட்டக்காரரை அழைப்பதற்குப் பெயர் அது. நம் ஊரில் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறோம். கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று யாரோ ஒரு வீட்டார் அழைப்பதால்தான் பம்பைக்காரரின் மகனும் பம்பையைத் தொடுகிறான். அழைப்பு நின்றால், அடுத்த தலைமுறையில் வாசிக்கவே ஆளிருக்காது.

இன்று நம் வீடுகளில் என்ன நடக்கிறது? மண்டபத்துக்கும் அலங்காரத்துக்கும் படம் பிடிக்கவும் தாராளமாகச் செலவு செய்கிறோம். மேளத்தின் முறை வரும்போதுதான் சிக்கனம் ஞாபகம் வருகிறது. "ஒலிபெருக்கியில் ஒரு பாட்டைப் போட்டால் ஆயிற்று" என்கிறோம். ஒலிபெருக்கிக்குப் பிள்ளை அழுவது தெரியுமா? ஊசி பட்ட நொடியில் பலமாகத் தட்ட வேண்டும் என்று அதற்குத்தான் தெரியுமா?

ஆகவே, அடுத்த முறை உங்கள் வீட்டுப் பிள்ளையைக் குலதெய்வத்தின் சந்நிதிக்கு அழைத்துப் போகும்போது, அலங்காரத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, அந்த ஊர் மேளக்காரரை அழையுங்கள். காது குத்திய வலியைக் குழந்தை மறந்துவிடும். அன்று கொட்டிய மேளத்தை மறக்காது!